மஞ்சள் டோக்கன், பச்சை டோக்கன்: கோபி–சத்தி சாலையில் ஒரு மெஸ்ஸும் அதன் விதிப் பலகையும்

கொடிவேரி அணைக்கட்டுக்குப் போய்த் திரும்பும் கூட்டத்தை நம்பி கோபிசெட்டிபாளையம்–சத்தியமங்கலம் சாலையில் நடக்கும் சைவ மெஸ்களில் இது ஒன்று. குறை சொல்ல வேண்டிய இடம் நிறைய வருவதால் பெயரைப் போடவில்லை. சாப்பாட்டைப் பற்றி ஒரு பத்தி போதும், சமையல் சுத்தமாக இருக்கிறது. மீதியெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் பலகையைப் பற்றி. நீலப் பெயின்ட் அடித்த தகரத்தில் வெள்ளை எழுத்தில் 11 விதி. சப்ளையர்களுக்கும் சாப்பிட வருகிறவர்களுக்கும் நாள் முழுக்க நடக்கும் இழுபறி எல்லாம் அந்தத் தகரத்தில்தான் ஆரம்பிக்கிறது. அதில் சில விதிகள் யாரும் படிக்காமலே ஒழுங்காக நடக்கின்றன. சில விதிகளைப் படித்தவர்களும் தப்பாகவே அமல்படுத்துகிறார்கள்.

முதலில் இலை. அரிசிம்பருப்பு சோறு குழையாமல், சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகக் கண்ணில் படுகிற மாதிரி வருகிறது. கொள்ளைக் கல்லில் அரைத்த மாதிரி நறநறவென்று கடைந்திருக்கிறார்கள். கொள்ளு வேகவைத்த தண்ணியைக் கொட்டாமல் அதிலேயே ரசம் வைக்கிறார்கள், அதனால் ரசத்துக்குத் தனியாகக் கனம் இருக்கிறது. தட்டப்பயறு குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல். புளிச்சக்கீரை கடைசல் தினமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒப்புட்டு (போளி) உண்டு, ஓரம் வரை பூரணம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பளம்தான் சவசவ. சாப்பாட்டுக்குப் பத்துக்கு எட்டு தாராளமாகக் கொடுக்கலாம்.

இனி டோக்கன். மத்தியானம் இரண்டே வகை. மஞ்சள் டோக்கன் ₹140, முழுச் சாப்பாடு: சோறு, குழம்பு, ரசம், பொரியல், மோர் ஐந்தும் கேட்கக் கேட்க வரும். நெய் ஒரு கரண்டி, அப்பளம் ஒன்று, இனிப்பு ஒன்று, இவை ஒரு தரம்தான். பச்சை டோக்கன் ₹80, அரிசிம்பருப்பு மட்டும், அளவுச் சாப்பாடு, மறுசோறு கிடையாது. டோக்கனைத் தண்ணி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார வேண்டும். பலகையில் முதல் விதி: “மறுசோறு வாங்குபவர் மஞ்சள் டோக்கன் வைத்திருக்க வேண்டும்.”

இந்த ஒரு விதியை அந்தக் கடையின் சப்ளையர்கள் எப்படிக் காவல் காக்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு மேசையில் நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் இரண்டாம் சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைகிறார், டோக்கன் கண்ணில் படவில்லை. இரண்டாமவர் அரிசிம்பருப்பை அளவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அவர் டோக்கனும் தெரியவில்லை. மூன்றாமவர் டம்ளருக்கு அடியில் மஞ்சள் டோக்கன் எட்டிப் பார்க்கிறது, ஆனால் தூண் மறைப்பதால் இலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நாலாமவரிடம் பச்சை டோக்கன், அவர் இலையும் தூணுக்குப் பின்னால். வாளியைத் தூக்கிக்கொண்டு வரும் சப்ளையர் யாரைக் கவனிப்பார்? முதல் ஆளின் டோக்கனை, நாலாமவரின் இலையை. நடுவில் இருக்கிற இரண்டு பேர் பக்கம் கண்ணே போகாது. பச்சை டோக்கனா மஞ்சள் டோக்கனா, அளவுச் சாப்பாட்டுக்காரர் எதை எடுத்திருந்தாலும் கடைக்கு நஷ்டமில்லை. மஞ்சள் வைத்திருப்பவர் எதைச் சாப்பிட்டாலும் அவர் உரிமை. பதினெட்டு வயசுப் பையன் கூட வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைச் சரியாகச் செய்கிறான். சொல்லிக்கொடுக்க ஆள் தேவையில்லை.

கேட்கிற விதமும் நம்ம பக்கத்து விதம்தான். “டோக்கன் எங்கே?” என்று யாரும் கேட்பதில்லை. “சோறு போடட்டுங்களாண்ணா? டோக்கனைக் கொஞ்சம் இப்படி நகத்தி வெச்சுருங்க, தண்ணி பட்டு நனையுதுங்க.” உபசாரம் மாதிரியே சோதனை முடிந்துவிடும். பச்சை டோக்கனோடு மறுசோற்றுக்குக் கை நீட்டியவர் தானாகவே “போதுங்க” என்பார்.

மேலே சொன்ன நாலு இலை கணக்கு, உளவியல் படித்தவர்களுக்கு ரொம்பப் பழைய கணக்கு. பீட்டர் வேசன் என்கிற இங்கிலாந்துக்காரர் 1966-ல் அதை நாலு அட்டையாகக் கொடுத்தார். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, ஓர் இரட்டைப்படை எண், ஓர் ஒற்றைப்படை எண். “ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும்” என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? உயிரெழுத்தையும் ஒற்றைப்படையையும். படித்த கல்லூரி மாணவர்களில் பத்தில் ஒருவர் தேறுவதே அரிது. பெரும்பாலோர் உயிரெழுத்தை மட்டுமோ, அதோடு இரட்டைப்படையையும் சேர்த்தோ திருப்புவார்கள். இரட்டைப்படைக்குப் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி உடையாது. 1982-ல் ரிச்சர்ட் கிரிக்ஸ், ஜேம்ஸ் காக்ஸ் இருவரும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அதே கணக்கை வேறு வேஷத்தில் கொடுத்தார்கள்: “பீர் குடிப்பவருக்கு 19 வயது தாண்டியிருக்க வேண்டும்.” அட்டைகளில் பீர், கோக், 22, 16. நாலில் மூன்று பேர் அளவுக்குச் சரியாகச் சொல்லிவிட்டார்கள்: பீர் குடிப்பவரின் வயது, 16 வயசுக்காரரின் டம்ளர். கணக்கு ஒன்றுதான். ஒரு சலுகை, அதற்கு ஒரு நிபந்தனை என்று அனுமதி விதியாக வந்ததும் ஏமாற்றுகிறவனைத் தேடுகிற கண் திறந்துகொண்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டு பலகையின் நாலாவது விதிக்கு வாருங்கள். “இரட்டைப்படை எண் டோக்கன் என்றால் மாடியில் உட்கார வேண்டும்.” கீழே 40 இலை, மாடியில் 40 இலை. இவ்வளவுதான் எழுதியிருக்கிறது, ஏன் என்று இல்லை. மஞ்சள் டோக்கனை அட்சரம் பிசகாமல் காவல் காக்கும் அதே சப்ளையர்கள் இங்கே கோட்டை விடுகிறார்கள். அவர்கள் செய்வது என்னவென்றால் மாடிக்குப் போய் ஒவ்வொரு மேசையாக எண்ணைப் பார்க்கிறார்கள். 17-ம் எண்ணோடு மாடியில் உட்கார்ந்த குடும்பத்தை, பாட்டியோடு சேர்த்து, “இது ஒத்தப்படைங்க, கீழ போயிருங்க” என்று எழுப்பிவிடுகிறார்கள். விதி அப்படிச் சொல்லவே இல்லை. ஒற்றைப்படைக்காரர் மாடியில் உட்காரக் கூடாது என்று தகரத்தில் எங்கும் கிடையாது. விதியை மீறியவர் 24-ம் எண்ணோடு கீழே மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார். அவரை யாரும் கேட்பதில்லை. வேசனின் மாணவர்கள் இரட்டைப்படை அட்டையைத் திருப்பினார்களே, அதே தப்பு, கையில் சோற்று வாளியோடு.

சப்ளையர்களை முட்டாள் என்று சொல்வதற்கில்லை. இந்த விதியில் யாருக்கு என்ன லாபம், யார் எதைக் கொடுக்க வேண்டும் என்று எதுவும் தெரியவில்லை. வெறும் எண், வெறும் இடம். அதனால் ஏமாற்றுகிறவனைத் தேட முடியவில்லை, பொருத்தம் பார்க்கத்தான் முடிகிறது. உண்மையில் விதியின் காரணம் எளிது. எல்லோரும் கீழேயே உட்கார ஆசைப்படுகிறார்கள், மாடி காலியாகக் கிடக்கிறது, கீழே 12:45-க்கே இலைக்குப் பின்னால் ஆள் நிற்க ஆரம்பிக்கிறது. கீழே உட்காருவது சலுகை. ஒற்றைப்படை எண் அதற்கான சீட்டு. அப்படியே எழுதினால் போதும்: “கூட்டம் சமமாகப் பிரிய, கீழே உட்காருபவர் ஒற்றைப்படை டோக்கன் வைத்திருக்க வேண்டும். மாடியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.” தர்க்கத்தில் இரண்டும் ஒரே விதி. நடைமுறையில் சப்ளையர் மாடி ஏற வேண்டியதே இல்லை, பாட்டியும் தப்பித்துக்கொள்வார்.

காரணம் சொன்னால் விதி புரியும் என்பதும் சும்மா சொல்வதல்ல. 1985-ல் பட்ரீஷியா செங், கீத் ஹோலியோக் இருவரும் ஹாங்காங்கிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் மாணவர்களுக்கு ஒரு தபால் விதியைக் கொடுத்தார்கள். ஒட்டிய உறை என்றால் கூடுதல் தபால்தலை இருக்க வேண்டும். ஹாங்காங்கில் அப்படியொரு விதி நடப்பில் இருந்ததால் அங்கே உள்ளவர்கள் நன்றாகச் செய்தார்கள், மிச்சிகன்காரர்கள் திணறினார்கள். பிறகு, ஒட்டிய கடிதம் சொந்தக் கடிதமாக இருக்கும் என்பதால் அதற்குக் கட்டணம் கூடுதல் என்று ஒரு காரணத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது மிச்சிகன்காரர்களும் ஹாங்காங்காரர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். பலகை எழுதுகிற பெயின்டருக்கு ஒரு வரி கூடுதல் கூலி, அவ்வளவுதான் செலவு.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விளைகிற நாட்டுக்காரர்களுக்கு இந்த ஆராய்ச்சியில் ஒரு சொந்தச் சங்கதியும் உண்டு. லீடா காஸ்மிடிஸ் என்கிற உளவியலாளர் 1989-ல் எழுதியதில் ஒரு கற்பனைத் தீவு வருகிறது, அங்கே “மரவள்ளிக்கிழங்கு தின்பவன் முகத்தில் பச்சை குத்தியிருக்க வேண்டும்” என்று விதி. பச்சை குத்தியவன் கல்யாணமானவன், கிழங்கு மோகத்தைத் தூண்டும் என்பது அந்தக் கதையின் ஏற்பாடு. கேள்விப்படாத விதியாக இருந்தும் பெரும்பாலோர் சரியாகத் தேர்ந்தார்கள்: கிழங்கு தின்பவனையும் பச்சை குத்தாதவனையும். சேலம், நாமக்கல் பக்கம் வண்டி வண்டியாக ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்குக்கு இப்படியொரு மகத்துவம் உண்டென்று நம்மூரில் ஒருத்தரும் சொன்னதில்லை. காஸ்மிடிஸ் இதைப் பிறவியிலேயே மனதில் அமைந்த ஏமாற்றுக்காரனைப் பிடிக்கும் கருவி என்கிறார். செங்கும் ஹோலியோக்கும் பழகிப் பழகி வந்த அனுமதி வாய்பாடு என்கிறார்கள். மெஸ் நடத்துகிறவருக்கு எந்தக் கட்சி ஜெயித்தாலும் வேலை ஒன்றுதான்.

முதல் விதியில் ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது, அது சப்ளையரின் தப்பில்லை, முறையின் தப்பு. மறுசோறு போட்டதும் மஞ்சள் டோக்கனை எடுத்துப் போய்க் கல்லாப் பக்கத்து ஆணிக் கம்பியில் குத்திவிடுகிறார்கள். மாலையில் எண்ணிப் பார்க்கக் கல்லாவுக்கு வசதி. ஆனால் அதற்குப் பிறகு மூன்றாம் சோறு கேட்பவருக்கும், டோக்கனே எடுக்காமல் நடுவில் வந்து உட்கார்ந்தவருக்கும் மேசையில் வித்தியாசமே தெரியாது. இரண்டு டம்ளருக்கு அடியிலும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் மாறும்போது இதில்தான் வாய்த்தகராறு வருகிறது. பணம் கொடுத்து மஞ்சள் எடுத்தவரைப் பார்த்து “டோக்கன் எடுத்தீங்களா?” என்று புது சப்ளையர் கேட்டால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். டோக்கனின் ஒரு மூலையைக் கிழித்துவிட்டு மேசையிலேயே விட்டால் தீர்ந்தது. கிழிந்த மூலை கணக்குக்கு, மீதித் துண்டு காவலுக்கு. எச்சில் இலை எடுக்கிறவர் கடைசியில் டோக்கனையும் சேர்த்து எடுக்கட்டும்.

பலகையைப் பற்றிய பெரிய குறை வேறு. 11 விதியில் பெரும்பாலானவை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தத்தான். கடை வாடிக்கையாளரை ஏமாற்றாமல் இருக்கவென்றே எழுதியது ஒன்றுகூட இல்லை, அப்படியும் படிக்கக்கூடிய விதிகளை யாரும் அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை. அதே மஞ்சள் டோக்கன் விதியைச் சாப்பிடுகிறவர் பக்கத்திலிருந்து படியுங்கள்: மஞ்சள் டோக்கன் எடுத்தவருக்குக் கேட்கக் கேட்கப் பொரியல் வர வேண்டும். இப்போது மீறுகிறவன் யார்? ₹140 வாங்கிக்கொண்டு 2 மணிக்கு மேல் “பொரியல் முடிஞ்சுதுங்க” என்று சொல்லும் கடை. தேட வேண்டிய ஆளும் மாறிவிடுகிறார்: மஞ்சள் டோக்கன் வைத்திருப்பவரின் இலையையும், பொரியல் இல்லாத இலைக்காரரின் டோக்கனையும் பார்க்க வேண்டும். சப்ளையர் முன்பு கண்டுகொள்ளாமல் விட்ட மூன்றாமவரும் இரண்டாமவரும்தான் இப்போது முக்கியம்.

இந்தத் திருப்பத்தை கெர்ட் கிகரன்சர், கிளாவுஸ் ஹூக் இருவரும் 1992-ல் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் எடுத்த விதி நம்ம திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பொருந்தும்: வார இறுதியில் வேலை செய்தவருக்கு வார நாளில் ஒரு நாள் லீவு. தொழிலாளி இடத்தில் இருந்து யோசிக்கச் சொன்னால், வேலை செய்தும் லீவு கிடைக்காதவனைத் தேடுகிறார்கள். முதலாளி இடத்தில் இருந்து யோசிக்கச் சொன்னால், வேலை செய்யாமலே லீவு எடுத்தவனைத் தேடுகிறார்கள். விதியின் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இந்த மெஸ்ஸில் எட்டாம் விதி, “சொந்தப் பாத்திரம் கொண்டு வந்தால் பார்சல் கட்டணம் ₹10 இல்லை” என்பது. பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் இருப்பதால் பலரும் தூக்குப்போசி, டிபன் கேரியர் கொண்டு வருகிறார்கள். பாத்திரம் இல்லாமல் ₹10 தராமல் போகிறவரைக் கல்லாக்காரர் ஒருநாளும் விடுவதில்லை. ஆனால் பில் போடும் மெஷினில் பார்சல் என்று தட்டினாலே ₹10 தானாகச் சேர்ந்துவிடுகிறது, தூக்குப்போசியோடு நிற்பவருக்கும் சேர்த்து. கேட்டால் உடனே திருப்பித் தருகிறார்கள், முகம் சுளிப்பதில்லை. கேட்காதவருக்குப் போனது போனதுதான். இதில் கெட்ட எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் கண் ஒரு பக்கம்தான் பார்க்கிறது. பாத்திரம் கொண்டு போகிறவர்கள் பில்லைக் கையில் வாங்கியதும் கடைசி வரியைப் பாருங்கள்.

ஆறாம் விதி: “இலையில் மிச்சம் வைத்தால் ₹25 அபராதம்.” நோக்கம் நல்லது. நடப்பது வேறு. கொடிவேரியில் குளித்துவிட்டுப் பசியோடு வரும் கூட்டம் முதல் தடவையே மூன்று கரண்டி வாங்கிக்கொள்கிறது, பாதியை விட்டுவிட்டு ₹25-ஐக் கல்லாவில் வைத்துவிட்டுப் போகிறது. சோறு வீணாக்குவது நம்ம ஊரில் பாவம். அந்தக் கூச்சத்தை ₹25 கொடுத்துக் கழுவிக்கொள்ள வழி செய்து கொடுத்தது போலாகிவிட்டது. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் உரி நீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்கிற பொருளாதார அறிஞர்கள் இருவரும் 10 குழந்தைக் காப்பகங்களில் 20 வாரம் பார்த்து 2000-த்தில் எழுதியதும் இதுதான். ஆறு காப்பகங்களில், குழந்தையை அழைத்துப்போக 10 நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அபராதம் ஒரு விலையாகிவிட்டது, விலை கொடுத்தால் அனுமதி வாங்கியாச்சு என்று அர்த்தம்.

எது மிச்சம் என்கிற தகராறு தனி. முருங்கைச் சக்கை, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், அந்தச் சவசவ அப்பளம் எல்லாம் கணக்கா? பலகை வாய் திறப்பதில்லை. அபராதத்தை எடுத்துவிட்டு முதல் சோற்றுக்குச் சின்னக் கரண்டி போட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும். இங்கே முதல் சோற்றுக்குப் போடும் கரண்டி பந்திக் கரண்டி, இரண்டு கரண்டியில் இலை நிறைந்துவிடுகிறது. இலைக்கு மேல் கையை விரித்து “போதுங்க” என்றால் சப்ளையர் நிறுத்த வேண்டும் என்பது எழுதாத விதி. கொங்கு நாட்டு உபசாரத்தில் அதற்குப் பிறகும் ஒரு கரண்டி விழும். அப்படி விழுந்த சோற்றுக்கு யார் அபராதம் கட்டுவது? இலையை நம் பக்கம் மடிப்பதா எதிர்ப்பக்கம் மடிப்பதா என்று இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை, பந்தியில் எல்லோரும் முடிக்கும்வரை எழக்கூடாது என்பதும் கிடையாது. அவை வழக்கம், இடத்துக்கு இடம் தளரும். சோறு வீணாவது அந்த வகையில் சேராது, கடைக்காரர் “பரவாயில்லை” என்று சொன்னாலும் தப்பு தப்புதான் என்று சாப்பிடுகிறவருக்கே தெரியும். சின்னக் குழந்தைகளே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று எலியட் டூரியல் என்கிற உளவியலாளரும் அவர் வழி வந்தவர்களும் காட்டியிருக்கிறார்கள்: டீச்சரே அனுமதித்தாலும் அடிப்பது தப்பு, டீச்சர் அனுமதித்தால் சீருடை இல்லாமல் வரலாம். பாவத்துக்கு ரேட் போட்டதும் அது வழக்கத்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஏழாவது, “வெளி உணவுக்கு அனுமதி இல்லை.” எல்லா ஓட்டலிலும் இருக்கும் வரிதான், ஆனால் இங்கே அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. கொடிவேரியில் மீன் வறுவல் கடை வரிசையாக இருக்கிறது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சோற்றுக்கு இங்கே வந்து உட்காருகிறார்கள். இது சைவ மெஸ். அதற்காகத்தான் விதி. எழுதும்போது காரணத்தை விழுங்கிவிட்டதால், கைக்குழந்தைக்கு ராகிக்கூழ் கொண்டு வந்த அம்மாவையும், சர்க்கரை நோய்க்காரர் கொண்டு வந்த களியையும், வீட்டு ஊறுகாய்ப் பாட்டிலையும் சப்ளையர் தடுக்க வேண்டியதாகிறது. ஒருவர் தடுக்கிறார், இன்னொருவர் “சேரிங்க, சாப்பிடுங்க” என்கிறார். சட்ட அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1958-ல் கேட்டது நினைவுக்கு வரும்: பூங்காவுக்குள் வாகனம் கூடாது என்றால் கார் கூடாது, சரி. சைக்கிள்? பொம்மைக் கார்? அதற்கு லான் ஃபுல்லர் என்கிற இன்னொரு சட்ட அறிஞர் திருப்பிக் கேட்டார், போரில் ஓடிய லாரியை நினைவுச் சின்னமாகப் பீடத்தில் நிறுத்தினால்? வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் விடை கிடைக்காது, எதற்காகப் போட்ட விதி என்று பார்க்க வேண்டும் என்பது ஃபுல்லர் கட்சி. ராகிக்கூழ் விஷயத்தில் அவரோடு நிற்கலாம். “சைவ உணவகம், வெளி அசைவம் உள்ளே வேண்டாம்” என்று மாற்றினால் சப்ளையருக்கு யோசிக்க வேண்டிய இடமே குறைவு.

ஒன்பதாம் விதி ஒரு மொழிச் சிக்கல். “பாயசம் அல்லது ஒப்புட்டு எடுத்துக்கொள்ளலாம்.” படிக்கிறவர், எது வேண்டுமோ அதை நான் தேர்ந்தெடுக்கலாம் என்று புரிந்துகொள்கிறார். கடை, எது இருக்கிறதோ அதைத் தருவோம் என்று நினைத்து எழுதியிருக்கிறது. ‘லாம்’ என்று முடிந்தால் அது அனுமதி, அனுமதி கொடுத்தால் தேர்வும் கொடுத்ததாகத்தான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அனுமதியில் வரும் இந்த ‘அல்லது’ வெறும் தர்க்கத்துக்கு அடங்காது என்று தத்துவக்காரர்கள் பல வருஷமாகக் கட்டுரை எழுதுகிறார்கள். கல்லாக்காரருக்குத் தேவை ஒரு சாக்பீஸும், “இன்றைய இனிப்பு” என்று எழுத ஒரு சிலேட்டும்.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டோக்கன் வேண்டாம் என்பது பத்தாவது. வயதைக் கேட்கிற சங்கடம் வேண்டாமென்று வாசல் தூணில் பஸ்ஸில் இருப்பது போல உயரக்கோடு போட்டிருக்கிறார்கள், நல்ல யோசனை. குழந்தை பெற்றவர் இலையிலேயே சாப்பிடுவதை யாரும் கண்டுகொள்வதில்லை, பச்சை டோக்கன் இலையாக இருந்தால்கூட. பதினோராவது விதி கை கழுவும் இடத்தில் துப்பக் கூடாது என்பது. இதைக் குழந்தைகள்தான் அமல்படுத்துகிறார்கள். மூன்று நாலு வயசுப் பிள்ளைகளுக்கு “வெளியே விளையாடப் போனால் கோட் போட வேண்டும்” என்று விதி சொல்லி நாலு படம் காட்டினால், கோட் இல்லாமல் வெளியே நிற்கும் படத்தைச் சரியாகத் தொடுகிறார்கள் என்று பால் ஹாரிஸும் மரியா நூன்யெஸும் 1996-ல் எழுதினார்கள். வாஷ்பேசின் பக்கம் பத்து நிமிஷம் நின்றால் போதும், “அந்த மாமா துப்பிட்டாரு” என்று சத்தமாக ஒரு குரல் வரும், அம்மா வாயைப் பொத்துவார்.

மற்ற விதிகள் சாதாரணம்: செருப்பு, கைப்பேசி, கடன். சொல்ல ஒன்றுமில்லை.

போகிறவர்களுக்கு: மெஸ் 12 மணி முதல் 3:30 வரை. வார நாளில் 12:15-க்குப் போனால் கீழேயே இடம் கிடைக்கும், டோக்கன் எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். ஞாயிறு 1 முதல் 2:15 வரை தவிர்க்கவும். கார் நிறுத்த எதிர்ப்பக்கப் புளியமரத்தடி, ஆறு ஏழு வண்டி நிற்கும். ஜிபே உண்டு, ஆனால் டோக்கன் வாங்கும்போதே கட்ட வேண்டும். இரண்டாம் சோறு வாங்கியதும் மஞ்சள் டோக்கனை எடுக்க வந்தால் “இருக்கட்டுங்க, அப்புறம் எடுத்துக்கலாம்” என்று டம்ளரை மேலே வைத்துவிடுங்கள், ஒருத்தரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒப்புட்டுக்காகப் போகிறவர்கள், ₹140-ஐ நீட்டும் முன்பு “ஒப்புட்டு இருக்குதுங்களா?” என்று கல்லாவில் கேட்டுவிடுங்கள். ஒன்றரைக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு பாயசம்தான்.